கருப்பு வண்டலுக்குள் பூட்டிக் கிடப்பது

சித்தப்பா வைகாசியில் போன் செய்தார். மதுரைக்குத் தெற்கே வலையங்குளம் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண். முக்கால்வாசி மல்லிகை, மீதியில் கீரையும் கத்தரியும். “என்னப்பா வாத்தியாரே, கண்மாயில வண்டல் அள்ள விட்டிருக்காங்க. பத்து லோடு அடிச்சுப் போட்டா மூணு வருசத்துக்கு உரக்கடைப் பக்கமே போக வேணாம். ஆனா மண்ணு கரியாட்டம் இருக்கு, அழுகின முட்டை வாடை வருது. அடிக்கலாமா, வேணாமா?”

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவன் என்பதால் என்னிடம் கேட்டார். அந்தக் கண்மாய்க்கு மழைத்தண்ணீரும் வருகிறது, ஊர்ச் சாக்கடையும் வருகிறது. மண்ணின் கருப்பையும் வாடையையும் வெறும் அசிங்கம் என்று ஒதுக்க முடியாது. உள்ளே என்ன வேதிவினை நடக்கிறது என்பதை அவை இரண்டுமே சொல்லிவிடும். “ஒரு வாரம் பொறுங்க சித்தப்பா, மண்ணைப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

மண்ணிலும் தண்ணீரிலும் ரசாயனம் கலந்தது என்ற பேச்சு வந்தாலே எங்கள் ஊரில் இரண்டு பதில்கள்தான் வரும். “மண்ணு எல்லாத்தையும் வடிகட்டிரும்” என்பது ஒன்று. “எல்லாம் விஷமாப் போச்சு” என்பது மற்றொன்று. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு விவசாயி எந்த முடிவும் எடுக்க முடியாது. ரசாயனம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது இப்போது எந்த வடிவில் இருக்கிறது, எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எது மாறினால் பிடியை விட்டுவிடும் என்று கேட்க வேண்டும். ஒரே ஈயம் ஒரு மண்ணில் கல்லாகக் கிடக்கும், இன்னொரு மண்ணில் கீரைக்குள் ஏறிவிடும்.

வடிகட்டும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அப்பத்தா காலத்தில் வைகை மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தார்கள். முழங்கை ஆழம் பறித்தால் போதும், கலங்கலாக ஊறும். அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர் சுரக்கும். கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அந்த மணல் உண்மையிலேயே வடிகட்டியது. கலங்கலை நிறுத்தியது. மணற்பருக்கைகளின் மேல் படிந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலம் கிருமிகளில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தது. ஆனால் தண்ணீரில் கரைந்த உப்பையும் நைட்ரேட்டையும் மணலால் அன்றும் நிறுத்த முடியவில்லை. அன்று ஆற்றில் அவை அவ்வளவாக இல்லை, அவ்வளவுதான். இப்போது ஆற்றின் பல இடங்களில் மணலே இல்லை. அள்ளி முடித்த இடத்தில் களியும் பாறையும் தெரிகின்றன. மணல் போய்விட்டது, மணலின் மேல் இருந்த நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

மண் எதைப் பிடிக்கும், எதை விடும் என்பதை வகுப்பில் காட்ட நான் ஒரு எளிய சோதனை செய்வேன். இரண்டு தண்ணீர் பாட்டில்களின் அடியை அறுத்து, தலைகீழாக நிறுத்தி, வாயில் பஞ்சு அடைத்து, திருமங்கலம் பக்கத்துக் கரிசலைப் பொடித்துக் கொஞ்சம் மணலோடு கலந்து நிரப்புவேன். ஒன்றில் மெத்திலீன் நீலம் கலந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். வண்ணமீன் கடைகளில் மீனுக்கு மருந்தாக விற்பதும் இதுதான். மற்றதில் ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்ற வேண்டும். நீலம் மேலேயே நின்றுவிடும், கீழே சொட்டுவது நிறமற்ற தண்ணீர். சிவப்போ ஊற்றிய நிறத்திலேயே கீழே வந்து சேரும். பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இரண்டாவது பாட்டிலைத்தான் நம்ப மறுப்பார்கள். மண் ஒன்றுதான், ஊற்றிய தண்ணீரும் ஒன்றுதான். நீலச் சாயம் நேர்மின் சுமை கொண்டது, சிவப்பு எதிர்மின் சுமை கொண்டது. களித்துகளின் மேற்பரப்பு எதிர்மின் சுமை உடையது. அதனால் முன்னதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, பின்னதைத் தள்ளிவிடுகிறது. மண்ணுக்குள் நடப்பதில் பாதிக் கதை இந்த இரண்டு பாட்டில்களுக்குள் இருக்கிறது.

யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் போட்ட சில நாட்களில் அது அம்மோனியமாக மாறும். அம்மோனியம் நேர்மின் அயனி, நீலச் சாயம் மாதிரி களியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் எதிர்மின் அயனி, சிவப்புச் சாயத்தின் கூட்டாளி. வேர் எடுத்துக்கொண்டது போக மிச்சமெல்லாம் அடுத்த மழையில் கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். கழிப்பறை உறிஞ்சு குழியிலிருந்து கசிவதும் இதே பாதையில்தான் போகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் வரையறைப்படி ஒரு லிட்டரில் 45 மில்லிகிராம் நைட்ரேட்தான் எல்லை. அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அவர்களின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். காய்ச்சும்போது தண்ணீர்தான் ஆவியாகிறது, நைட்ரேட் அப்படியே பாத்திரத்தில் தங்கி இன்னும் செறிவாகிறது. இதை ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும் எழுதிவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

கிணற்றில் நைட்ரேட் கூடும்போது குளோரைடும் சேர்ந்து கூடுகிறதா என்று கவனிப்பது நல்லது. குளோரைடை மண்ணும் பிடிக்காது, நுண்ணுயிரும் தின்னாது. நாம் சாப்பிடும் உப்பெல்லாம் கடைசியில் சாக்கடையில்தான் சேர்கிறது. இரண்டும் வருடத்துக்கு வருடம் சேர்ந்து ஏறினால், பக்கத்தில் ஏதோ உறிஞ்சு குழியோ சாக்கடையோ கசிகிறது என்று சந்தேகிக்கலாம்.

மதுரைக்குத் தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கமெல்லாம் கரிசல். மற்ற இடங்களில் பெரும்பாலும் செம்மண். கரிசலில் உள்ள களி வகை நேர்மின் அயனிகளைப் பிடித்துவைப்பதில் செம்மண்ணில் உள்ளதைவிடப் பல மடங்கு கெட்டி. அப்படியென்றால் கரிசல் காட்டுக் கிணறுதான் பத்திரம் என்று தோன்றும். சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் நடந்து பார்த்தவர்களுக்கு வேறு ஒன்றும் தெரியும். கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு விட்டிருக்கும், ஒரு கம்பை விட்டால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கோடை மழையின் முதல் தண்ணீர் களியைத் தொடாமலே அந்த வெடிப்புக்குள் இறங்கிவிடுகிறது. மேலே கிடந்த உரமும் மருந்தும் அதோடு போகும். மண் நனைந்து உப்பி வெடிப்பு மூடிய பிறகுதான் கரிசல் தன் வேலையைச் செய்யும். அதற்குள் அந்த வருடத்தின் மோசமான தண்ணீர் கீழே போய்ச் சேர்ந்திருக்கும்.

கீழே போனால் பாறை. மதுரையைச் சுற்றி நைஸ், கிரானைட், சார்னோகைட் என்று கெட்டிப் பாறைகள்தான். யானைமலையைப் பார்த்தாலே நம் காலுக்கடியில் இருப்பது என்ன என்று புரியும். பாறைக்குத் தண்ணீர் உறிஞ்சும் தன்மை கிடையாது. மேலே உள்ள மட்கிய பாறை அடுக்கிலும் கீழே உள்ள விரிசல்களிலும்தான் ஊற்று ஓடுகிறது. மணற்பாங்கான பூமியில் மாசு மெதுவாக, ஏறக்குறைய ஒரே சீராகப் பரவும். விரிசலில் அப்படி இல்லை. பக்கத்து வீட்டு போரில் ஒன்றும் இருக்காது, மூன்று தெரு தள்ளி இருக்கும் போரில் சாக்கடை வாடை வரும், ஏனென்றால் விரிசல் அந்தப் பக்கம் ஓடுகிறது. “ஆயிரம் அடி போட்டிருக்கோம், நல்ல தண்ணிதான்” என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கேசிங் பைப்பைச் சுற்றி இருக்கும் இடைவெளியை சிமென்ட் வைத்து அடைத்தீர்களா? அடைக்காவிட்டால் தெருச் சாக்கடை நேராக ஊற்றுக்குப் போக நாமே குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி. மண் செய்யக்கூடிய கொஞ்சநஞ்ச வேலையையும் செய்யவிடாமல் தாண்டிப் போகிற பாதை அது.

இனி சித்தப்பாவின் வண்டலுக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மாய்க்குப் போனோம். மேலே இரண்டு விரல் கனத்துக்குப் பழுப்பு நிறத் தோல் மாதிரி ஒரு அடுக்கு. மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டியதும் அதற்குக் கீழே தார் மாதிரிக் கருப்பு. ஒரு பிடி எடுத்து பாலித்தீன் கவரில் காற்று போகாமல் முடிந்துகொண்டேன், இன்னொரு பிடியை எவர்சில்வர் தட்டில் பரப்பினேன். பள்ளி ஆய்வகத்தில் கவரைப் பிரித்து, கருப்பு மண்ணில் இரண்டு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் அழுகின முட்டை வாடை குப்பென்று எழுந்தது. ஹைட்ரஜன் சல்பைடு. கருப்பு நிறம் இரும்பு சல்பைடால் வந்தது என்பது அதிலிருந்து தெரிகிறது. தட்டில் பரப்பிய மண் அன்று சாயங்காலமே ஓரங்களில் சாம்பல் நிறமானது. மூன்றாம் நாள் துருப் பிடித்த மாதிரிப் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன.

இந்த நிற மாற்றம்தான் விஷயமே. சாக்கடை கலந்த கண்மாயின் அடியில் மட்கும் பொருள் ஏராளம். அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். அது சீக்கிரம் தீர்ந்துபோகும். பிறகு நைட்ரேட்டை எடுத்துக்கொள்கின்றன, அதுவும் தீர்ந்தால் மாங்கனீசு, அதற்குப் பிறகு இரும்பு, அதற்குப் பிறகு சல்பேட். சல்பேட் சல்பைடாக மாறும் கட்டத்தில்தான் வாடையும் கருப்பும் வருகின்றன. பட்டறை, சாயப்பட்டறை, பழைய பேட்டரி, பெயின்ட் என்று ஊருக்குள்ளிருந்து வரும் ஈயம், காட்மியம், துத்தநாகம், தாமிரம் எல்லாம் இந்தச் சல்பைடோடு சேர்ந்து கரையாத கூட்டுப்பொருளாக உட்கார்ந்துவிடும். கண்மாயில் தண்ணீர் நிற்கும்வரை அவை பூட்டு போட்ட பெட்டிக்குள் இருக்கின்றன. மேலே நிற்கும் தண்ணீரைச் சோதித்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. சோதனை முடிவைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடுவோம்.

அந்த மண்ணை லோடு லோடாக அள்ளி வெயிலில் பரப்பும்போது பூட்டு திறக்கிறது. காற்றுப் பட்டதும் சல்பைடு சல்பேட்டாக மாறுகிறது, கூடவே அமிலமும் உண்டாகிறது. கட்டுண்டு கிடந்த உலோகங்கள் அவிழ்கின்றன. அதன் பிறகு என்ன ஆகும் என்பது அந்த நிலத்தைப் பொறுத்தது. சுக்கான்கல் கலந்த கரிசலாக இருந்தால் சுண்ணாம்பு அமிலத்தை முறித்துவிடும், ஈயமும் பெரும்பாலும் கார்பனேட்டாக மறுபடி உறைந்துபோகும். சித்தப்பா தோட்டத்துச் செம்மண்ணில் அமிலம் விட்டுப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. சுண்ணாம்பு இல்லை. அமிலத்தைத் தாங்கும் சக்தி அந்த மண்ணுக்குக் குறைவு. செம்மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடுகள் ஈயத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. காட்மியம் அப்படியில்லை. அது லேசில் பிடிபடாது, மண் கொஞ்சம் புளித்தாலும் கரைந்து நகரும். கீரை வகைகள் அதை நன்றாகவே இழுத்து இலையில் சேர்க்கும். மல்லிகையை யாரும் சாப்பிடுவதில்லை. கீரையை நம் வீட்டில்தான் கடைந்து சாப்பிடுகிறோம்.

வண்டல் அடிப்பது நம் பக்கத்தில் பரம்பரை அறிவு. வயலிலிருந்து மழையில் அரித்துப்போன சத்துள்ள மண்ணைக் கோடையில் கண்மாயிலிருந்து திரும்ப எடுத்துவருவது எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! கண்மாயும் ஆழமாகும், வயலும் செழிக்கும். கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு 2017இல் வழிசெய்தது. 2024இல் தாசில்தார் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று அது இன்னும் எளிதானது. அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மழைத்தண்ணீர் மட்டும் வந்து சேரும் கண்மாயின் வண்டலை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். சாக்கடை சேரும் கண்மாயையும் அதே பெயரால் “கண்மாய்” என்று அழைப்பதால்தான் சிக்கல். பெயர் மாறாமல் உள்ளே இருக்கும் பொருள் மாறிவிட்டது.

வேறு ஒரு குழப்பத்துக்கும் இதே பூட்டுதான் காரணம். நகரக் கண்மாய்களிலும் வைகையில் தண்ணீர் தேங்கும் இடங்களிலும் ஆகாயத்தாமரையை எந்திரம் வைத்து அள்ளுகிறார்கள், ஆறு மாதத்தில் மறுபடி மூடிவிடுகிறது. சாக்கடையை நிறுத்தினாலும் உடனே நிற்காது. சவர்க்காரத்திலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் வந்த பாஸ்பேட் காற்றோட்டமுள்ள சேற்றில் இரும்பு ஆக்சைடோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரைகிறது, பாஸ்பேட் விடுபட்டு மேலே வருகிறது. சல்பைடு ஈயத்தைப் பூட்டும் அதே நேரத்தில், அதே சேறு பாஸ்பேட்டைத் திறந்துவிடுகிறது. அடிச்சேறு பல வருடத்துச் சேமிப்பிலிருந்து ஆகாயத்தாமரைக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். வங்காளத்திலும் வங்கதேசத்திலும் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் வந்ததும் பெரும்பாலும் இதே வழியில்தான். அங்கே யாரும் கொட்டவில்லை. ஆற்று வண்டலில் இரும்போடு ஒட்டிக் கிடந்த ஆர்சனிக், காற்றில்லாத ஆழத்தில் இரும்பு கரைந்ததும் தண்ணீருக்குள் வந்துவிட்டது.

மழைக்காலத்தில் அவனியாபுரம் அயன்பாப்பாக்குடி கண்மாய் மறுகால் போகும்போது வாய்க்காலில் வெண்ணுரை மலைபோல் பொங்கி, காற்றில் பறந்து விமான நிலையச் சாலைக்கு வருவதைப் பலரும் படம் பிடித்திருக்கிறார்கள். சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். அதனால் அது காற்றும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில்தான் போய் நிற்கும். கலிங்கில் தண்ணீர் விழுந்து கடையும்போது நுரையாகிறது. 1960களுக்கு முந்தைய சவர்க்காரங்களில் கிளைவிட்ட சங்கிலிகள் இருந்தன, அவற்றை நுண்ணுயிர்களால் சுலபமாகச் சிதைக்க முடியவில்லை. உலகெங்கும் ஆறுகள் நுரைத்தன. அதற்குப் பிறகு நேர்ச்சங்கிலிக்கு மாறினார்கள். இது காற்றுப் பட்டால் சில நாட்களில் சிதைந்துவிடும், காற்றில்லாத தண்ணீரில் சிதையாது. ஆகவே இன்றைக்கு ஒரு கண்மாய் நுரைக்கிறது என்றால், அங்கே வரும் தண்ணீர் சுத்திகரிப்பில் காற்றோட்டக் கட்டத்தை ஒழுங்காகத் தாண்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நுரையில் சவர்க்காரம் மட்டும் இருப்பதில்லை. எண்ணெய், மருந்து எச்சம், கிருமி என்று தண்ணீரை வெறுக்கும் எல்லாமே அந்தப் படலத்தில் செறிந்து நிற்கும். பிள்ளைகளை அதில் விளையாட விடக்கூடாது.

சாயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுங்குடிக்குப் பேர்போன ஊரில் சாயத் தண்ணீர் புதிதல்ல. நிறம் போய்விட்டால் விஷமும் போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். இன்று பரவலாக இருக்கும் அசோ சாயங்கள் காற்றில்லாத சேற்றில் உடைந்து நிறத்தை இழக்கும். உடைந்து வரும் துண்டுகளில் சில அமீன்கள் சாயத்தைவிட மோசமானவை. சாயம் ஏற உதவும் உப்போ எங்கேயும் போகாது, உடையாது, ஆவியாகாது. திருப்பூரில் நொய்யலைக் காப்பாற்ற 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, நிறத்தைவிட உப்புதான் விவசாயிகளின் பெரிய புகாராக இருந்தது. சோடியம் ஏறிய மண் பிளந்து, குழைந்து, பிறகு இறுகிப்போகும். தண்ணீர் உள்ளே இறங்காது.

குரோமியம் இரட்டை வேடக்காரர். திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகளில் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது மண்ணில் ஹைட்ராக்சைடாகப் படிந்து பெரும்பாலும் நகராமல் நிற்கும். ஆறு இணைதிறன் கொண்ட வடிவம் எதிர்மின் அயனியாகத் தண்ணீரோடு ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையில் குவிந்து கிடக்கும் லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது இந்த வடிவத்தால்தான். மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு முதல் வடிவத்தில் ஒரு சிறு பங்கை இரண்டாவதாக மாற்றவும் கூடும். அதனால் “மொத்த குரோமியம் இவ்வளவு” என்று மட்டும் எழுதிய அறிக்கையை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. எந்த வடிவம் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.

பாதரசம் வைகைக்கும் சம்பந்தமுள்ள விஷயம். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் செய்த ஆலை 2001இல் மூடப்பட்டது. அந்தச் சரிவின் தண்ணீர் பாம்பாறு வழியாக வைகைப் படுகைக்கு இறங்குகிறது. பாதரசம் ஓரளவு ஆவியாகும், மிச்சம் காட்டு மண்ணின் மட்கில் உள்ள கந்தகத்தோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். மண் அரித்துப்போகும் இடமெல்லாம் அதுவும் போகும். நீர்த்தேக்கத்தின் காற்றில்லாத அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றினால்தான் பெரிய ஆபத்து தொடங்குகிறது, ஏனென்றால் அந்த வடிவம் பாசியிலிருந்து சின்ன மீனுக்கும் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கும் பெருகிக்கொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிவந்தது இந்தக் கதைதான்.

யாரும் கொட்டாத மாசும் உண்டு. நம் பாறைகளில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. மழை குறைந்து தண்ணீர் பாறையோடு நெடுநாள் தங்கும்போது அது கரைகிறது. வறண்ட பூமியில் தண்ணீர் ஆவியாக ஆவியாகச் சுண்ணாம்பு படிந்து கால்சியம் குறையும். கால்சியம் குறைந்தால் ஃபுளோரைடைத் தடுத்து நிறுத்த ஆளில்லை. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி. தாண்டினால் பல்லில் பழுப்புக் கறை, நெடுநாளில் எலும்பில் இறுக்கம். ஆழமாகப் போட்ட போரில்தான் இது அதிகம் வரும். ஆழமே பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு இது நேர்மாறு. ஆர்.ஓ. எந்திரம் இதைக் குறைக்கும். ஆனால் எந்திரம் ஒதுக்கிய தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் செறிவாக இருக்கும், பெரும்பாலான வீடுகளில் அதைக் கொல்லையில்தான் விடுகிறோம். சுற்றிச் சுற்றி அதே மண்ணுக்குப் போகிறது.

மல்லிகைக்கு அடிக்கும் மருந்தைப் பற்றிச் சொன்னால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும். மொட்டுப்புழு விழுந்தால் வாரத்துக்கு ஒரு முறை அடிக்காமல் பூ எடுக்க முடியாது என்பார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லா மருந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதை மட்டும் அவருக்கு எடுத்துச் சொன்னேன். குளோர்பைரிபாஸ் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, மண்ணின் மட்கோடு ஒட்டிக்கொள்ளும். கிணற்றைவிட, மண் அரித்துப் போகும் ஓடைக்குத்தான் அதனால் ஆபத்து. இமிடாகுளோபிரிட் நன்றாகக் கரையும், மாதக்கணக்கில் சிதையாமல் நிற்கும். அது கிணற்றைத் தேடிப் போகும் ரகம். எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அது மண்ணில் உடைந்தால் உண்டாகும் எண்டோசல்பான் சல்பேட்டும் அதே அளவு விஷம், அதைவிட நீண்ட ஆயுள். “சிதைந்துவிடும்” என்று டப்பாவில் எழுதியிருந்தால் சிதைந்து என்னவாகும் என்று கேட்க வேண்டும். மண்ணில் மட்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த வகை மருந்துகளைப் பிடித்துவைக்கவும் சிதைக்கவும் முடியும். தொழு உரம் போடும் தோட்டத்துக் கிணறு அந்த வகையிலும் கொஞ்சம் பத்திரமானது.

சோதனைக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. 2015இல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கும்: கார அமிலத்தன்மை, உப்பு, கரிமம், தழை மணி சாம்பல், கந்தகம், துத்தநாகம் முதலிய நுண்சத்துகள். விவசாயத்துக்கு அது நல்ல அட்டை. ஈயமும் காட்மியமும் குரோமியமும் அதில் இல்லை. “மண்ணு டெஸ்ட் பண்ணியாச்சு” என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கன உலோகங்களுக்குத் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டிச் சோதிக்க வேண்டும். குடிதண்ணீருக்கு மாவட்டம்தோறும் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் உண்டு. ஈயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், குரோமியத்துக்கு 0.05 என்பவை எல்லை. இவ்வளவு சின்ன அளவைக் கண்ணாலும் நாக்காலும் ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது.

எப்போது மாதிரி எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஐப்பசி கார்த்திகை மழையில் கிணறு நிரம்பிய நேரத்தில் எடுத்தால் எல்லாம் நீர்த்துப்போய் நல்ல பிள்ளையாகத் தெரியும். கோடை மழை பெய்த மறுவாரம் ஒருமுறை, நல்ல வறட்சியில் ஒருமுறை என்று எடுத்தால் உண்மை நிலவரம் தெரியும். கண்மாய் மண்ணில் மடைப்பக்கம், நடு, சாக்கடை நுழையும் வாய் என்று மூன்று இடங்களில் ஒரு முழம் ஆழத்தில் எடுக்க வேண்டும். சாக்கடை நுழையும் வாயில்தான் கனமான துகள்கள் முதலில் படியும், உலோகமும் அங்கேதான் அதிகம் சேரும். காற்றுப் புகாமல் கட்டிக் கொடுப்பது நல்லது. தட்டில் மூன்று நாளில் நான் பார்த்த மாற்றம் போகிற வழியில் பையிலும் நடந்துவிடும்.

இவ்வளவையும் சித்தப்பாவிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்ப மல்லிக்கு மட்டும் அடிக்கலாமா?” என்றார். மல்லியும் கீரையும் ஒரே கிணற்றுத் தண்ணீரில்தானே பாய்கின்றன, சாய்வும் கீரைப்பாத்தியை நோக்கித்தானே என்றேன். கொஞ்ச நேரம் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஆறு கிலோமீட்டர் தள்ளி, காட்டோடைத் தண்ணீர் மட்டும் வரும் கண்மாயில் வண்டலுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த மண் வெளிறிய பழுப்பு, வாடை இல்லை. லோடுக்கு டீசல் கூட ஆகிறது என்று ஒவ்வொரு நடைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பத்து லோடு போட நினைத்தவர் ஏழோடு நிறுத்திக்கொண்டார். கீரைப்பாத்திக்கு முதலில் போட்டார்.